மூஞ்சூறு எலியன்று

கொழும்பு, வெள்ளவத்தையின் ஒழுங்கைகளிற் பொழுதுபட்டபின், மதிலடியை ஒட்டிக் கீச்சிட்டுக்கொண்டு ஒரு சிறு பிராணி ஓடும். வீட்டார் அதனை எலியென எண்ணித் தடியெடுப்பர். வயல் வரம்பிலும் மரக்கறித் தோட்டத்திலும் கமக்காரர் பலர் இதே தவற்றைச் செய்கின்றனர். அப்பிராணி மூஞ்சூறு ஆகும்.

மூஞ்சூறு முள்ளெலிக்கு உறவானது. தமிழ்நாட்டின் வறண்ட நிலங்களில் வாழும் முள்ளெலி இலங்கையில் இல்லை. முள்ளெலி ஆபத்து நேரின் பந்துபோலச் சுருண்டு முட்களாற் தன்னைக் காத்துக்கொள்ளும். மூஞ்சூற்றுக்கு முள் இல்லை; விலாப்புறச் சுரப்பியின் நாற்றமே அதற்குக் காவல். பூனை அதனைக் கொன்றாலும் பெரும்பாலும் உண்பதில்லை. இரண்டும் இரவிற் திரிந்து பூச்சிகளையும் புழுக்களையும் தின்பவை. 1766ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசு மூஞ்சூற்றுக்கு இட்ட விஞ்ஞானப் பெயரிற்கூட ‘எலி போன்றது’ என்னும் பொருளே அமைந்துள்ளது. பெயராலும் தோற்றத்தாலும் வந்த இம்மயக்கமே அதற்குப் பகையாயிற்று.

வேறுபாட்டை அறிதல் எளிது. எலியின் முன்பற்கள் உளிபோன்றவை. அவை வாழ்நாள் முழுவதும் வளர்வதால் அது எதனையும் கொறித்துக்கொண்டேயிருக்கும். வயலெலி நெற்றண்டை அறுத்துக் கதிரை வளைக்குட் சேர்க்கும். மூஞ்சூற்றின் மூக்கு நீண்டு கூரியது. கண் மிகச் சிறியது. பற்கள் பூச்சியைக் கடித்து நொறுக்குதற்கு ஏற்றவை. அது நெற்றண்டை அறுப்பதில்லை, கதிரைச் சேமிப்பதுமில்லை. ஒன்றன் வாலடியை மற்றொன்று கவ்வ, குட்டிகள் வரிசையாகத் தாயின் பின்னே செல்லுதலைக் கண்டால், அது மூஞ்சூறேயென அறியலாம்.

அதனிடத்துக் குறையே இல்லையெனக் கூறுதல் நேர்மையாகாது. அதன் நாற்றம் பொறுத்தற்கரியது. மூடிவைக்காத உணவை அது அசுத்தப்படுத்தும், கோழிக்குஞ்சுகளையும் தாக்கக்கூடும். உணவை மூடுதலும், குஞ்சுக்கூட்டை நெருங்கிய கம்பிவலையால் அடைத்தலும் இவற்றுக்குப் பரிகாரமாகும்; கொல்லுதல் பரிகாரமன்று.

எலியை ஒழித்தல் கமக்காரரின் கடமையே. ஆயின் நஞ்சிட்ட இரையைத் திறந்த வெளியில் தூவுதல் தகாது. எலி வாழும் வளையென உறுதி செய்தபின் அதனுள் இரையை இட்டு, வாயை மண்ணால் மூடுதல் வேண்டும். கூட்டுப் பொறியில் மூஞ்சூறு அகப்படின், விடியுமுன் அதனைத் தோட்டத்திலேயே விட்டுவிடுதல் நன்று. கூலியின்றி இராக்காவல் செய்யும் பிராணியைக் கொன்றுவிட்டுப் பூச்சிமருந்துக்குப் பணம் தேடுதல் அறிவுடைமையாகாது.