வைத்தியர் பக்கம்: நிழல் தரும் மரம்



ஒவ்வோர் ஆண்டும் தேர்த் திருவிழா முடிந்ததும் தலைச்சுற்று, மயக்கம் என்று சிலர் என்னிடம் வருவதுண்டு. பெரும்பாலோர் அறுபதைக் கடந்தவர்கள். தார் போட்ட வெளியில் நெடுநேரம் நின்றதே காரணம். ஆதலால் இம்முறை மருந்தைப் பற்றியல்ல, மரத்தைப் பற்றி எழுதுகிறேன்.

குளிர் நாட்டில் வெயில் என்ன செய்யும் என்று எண்ணவேண்டாம். 2003ஆம் ஆண்டுக் கோடையில் சுவிசில் வழமையிலும் ஏறத்தாழ 975 பேர் கூடுதலாக இறந்தனர். முதுமையில் வியர்வையும் தாக உணர்வும் குறையும். சிறுநீர் போக்கும் குளிசை எடுப்போருக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

சூரிச்சில் இரு இடங்களைப் பாருங்கள். ஒபேரா மண்டபத்தின் முன்னே 2014இல் திறக்கப்பட்ட செக்செலொய்ட்டன் சதுக்கம் ஏறத்தாழ 16,000 சதுர மீற்றர். வால்ஸ் ஊர்க் கல் பதித்தது, கண்ணுக்கு அழகு. ஆனால் மரங்கள் பெரும்பாலும் ஓரங்களிலேயே நிற்க, நடுவெளி வெயிலிற் காய்கிறது. பகலில் வாங்கிய சூட்டைக் கல் இரவிலும் வெளிவிடும்.

முன்னர் உரோமர் கோட்டை இருந்த லிண்டன்ஹோவ் மேட்டிலோ, லிண்டன் மரங்கள் பந்தல்போற் கவிந்துள்ளன. கீழே சரளைத் தரை. மழைநீர் வேருக்கு இறங்குகிறது. இலைகள் அதை ஆவியாக்கிக் காற்றைக் குளிர்விக்கின்றன. நிழலிற் சதுரங்கம் ஆடுவோரைக் கண்டால் ஊர் ஆலமரத்தடி நினைவுக்கு வரும்.

மரத்தின் இனமும் முக்கியம். இங்கு ‘பிர்க்கே’ எனப்படும் வெண்பட்டை மரம் பங்குனி, சித்திரையில் மகரந்தத்தைக் காற்றிற் பரப்பும். சிலருக்குத் தும்மல், கண்ணரிப்பு, இழுப்பு ஏற்படும். அவர்களிற் பலருக்கு அப்பிள் கடித்தாலும் வாய் அரிக்கும். லிண்டன் பூவைத் தேனீக்கள் நாடுவதால் அத்தொல்லை குறைவு. கீழே நிறுத்திய காரிற் பிசின் படியும்; அவ்வளவே.

ஆலய முன்றிலைத் தொட்டிச் செடிகளால் அலங்கரிக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். தொட்டி அழகு தரும், நிழல் தராது. கட்டட உரிமையாளரின் அனுமதி பெற்று, இரண்டு கார் நிறுத்துமிடங்களின் தாரை அகற்றி, தென்மேற்கு மூலையில் ஒரு லிண்டன் நடுவோம். பிற்பகல் வெயிலை அது மறிக்கும்.

நல்ல நிழலுக்கு இருபது ஆண்டுகள் செல்லலாம். அப்போது நாம் இருப்போமா என்று கேட்கவேண்டாம். ஊர்க் கோயிலில் நாம் இளைப்பாறிய வேம்பை நட்டவர் யாரென்று நமக்குத் தெரியுமா?

அதுவரை, தேரன்று முதியோருக்குப் பந்தலும் தண்ணீரும் தவறக்கூடாது.