‘மெட்டீரியல் கோளாறு’ என்று மட்டும் சொல்லாதீர்கள்

எங்கள் பட்டறை உதிரிகளுக்குக் கறுப்பு அனோடைசிங் போட்டுத் தரும் அண்ணாவுக்கு,

நேரில் வந்தால் டீ வாங்கிக் கொடுத்தே அனுப்பிவிடுகிறீர்கள். அதனால் நாலு பேர் பார்க்க எழுதுகிறேன்.

போன லாட்டில் பாதி கறுப்பு, பாதி கத்தரிப்பூ நிறம். கேட்டால் மெட்டீரியல் கோளாறாம். மெட்டீரியலால் ஷேடு மாறும், மறுக்கவில்லை. செம்பு மிகுந்த 2024 அலுமினியக் கலவையில் ஆக்சைடு படலம் ஒழுங்காக ஏறாது. சிலிக்கான் மிகுந்த வார்ப்பு சாம்பல் தட்டும். நாங்கள் கொடுத்ததோ ஒரே ராடில் வெட்டிய 6061. ஒரே உதிரியில் ஒரு முனை கறுத்து, மறுமுனை வெளுத்திருந்தால் அதற்கும் ராடுதான் காரணமா?

உதிரிகளைத் தொட்டியில் தொங்கவிடும் கட்டுக் கம்பியைப் பாருங்கள். அந்த அலுமினியக் கம்பியிலும் போன தடவை படலம் ஏறியிருக்கும். அது மின்சாரத்தைக் கடத்தாது. காஸ்டிக்கில் போட்டு அதை நீக்காமல் மறுபடி கட்டினால், எவ்வளவு இறுக்கினாலும் கரண்ட் சரியாகப் போகாது. தொட்டிக்குள் காற்றுக் குமிழி ஆட்டும்போது கட்டு தளர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். கரண்ட் குறைந்தால் படலம் மெலியும். மெலிந்த படலத்தில் கறுப்புச் சாயம் ஊதாவாகத்தான் நிற்கும். நல்ல கறுப்புக்கு 20 மைக்ரான் அளவுக்காவது வேண்டும் என்பது எனக்கு நீங்களே சொல்லித் தந்த பாடம்!

அமிலத்தொட்டி 20 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் சில்லர் எந்திரத்தை நிறுத்தினால் அமிலம் படலத்தை ஏற ஏறக் கரைக்கும். அப்படிப் பொடியாகிப்போன படலம் சாயத்தை நன்றாகக் குடிக்கும். ஆனால் விரலால் தேய்த்தால் கையோடு வந்துவிடும். மரை ஓட்டைகளைச் சுற்றியுள்ள வெள்ளைக் கோடுகளோ உள்ளே தங்கிய அமிலம் சாயத்தொட்டியில் கசிந்ததால் வந்தவை. நன்றாக அலசி, காற்றடித்திருந்தால் போதும்.

“உரித்துட்டு மறுபடி போட்டுத் தர்றேன்” என்கிறீர்கள். காஸ்டிக்கில் உரித்தால் படலத்தோடு அலுமினியமும் கரையும். பேரிங் உட்காரும் துளை பெரிதாகிவிடும். பிறகு எவ்வளவு கறுப்பாக இருந்தால் என்ன?

ஆகவே இந்த லாட்டுக்குக் கூலி தர மாட்டேன். கெட்ட உதிரிகளின் மெட்டீரியல் விலையையும் உங்கள் பில்லில் கழிப்பேன். இனி ஒவ்வொரு சலானிலும் தொட்டி வெப்பம், கரண்ட், நேரம், மைக்ரான் நாலும் எழுதியிருக்க வேண்டும். அடுத்த லாட் எங்கள் மேஜையில் தயாராக இருக்கிறது. சம்மதம் என்றால் வண்டி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாடிக்கையாளன்