விடுபட்ட எண்

சிவகாசிப் பக்கம் தீப்பெட்டி பண்டல் என்றால் 600 பெட்டிகள். அது ஏன் 500 அல்ல என்று நெடுநாள் நான் யோசித்ததில்லை. 500 பெட்டிகளை டஜன் டஜனாகக் கட்டினால் 41 கட்டு போக எட்டுப் பெட்டிகள் மிஞ்சும். 600 எனில் சரியாக 50 கட்டு. பத்துப் பத்தாகவோ இருபத்துநான்காகவோ பிரித்தாலும் மிச்சமில்லை. 500க்குக் காரணிகள் 12, 600க்கு 24. வழக்கம் எப்படித் தோன்றியிருந்தாலும், பங்கிடுவோருக்கு வசதியான எண் அது.

இந்த வசதியின் எல்லையைத்தான் ராமானுஜன் ஆராய்ந்தார். 1915இல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் வெளியான அவரது நீண்ட கட்டுரை மிகு பகு எண்களைப் பற்றியது. தன்னைவிடச் சிறிய எல்லா எண்களைக் காட்டிலும் அதிகக் காரணிகள் கொண்டதே மிகு பகு எண். 360 அத்தகையது. நம் 600 அல்ல; 24 காரணிகள் 360க்கே வந்துவிடுகின்றன.

அக்கட்டுரையில் 102 எண்களின் பட்டியல் ஒன்று உண்டு. கடைசி எண் 67,46,32,83,88,800. ஆறு லட்சத்து எழுபத்து நான்காயிரம் கோடிக்கும் மேல். ஆறு 2, நான்கு 3, இரண்டு 5, இரண்டு 7, பிறகு 11, 13, 17, 19, 23 ஆகியவற்றில் ஒவ்வொன்று; இவற்றைப் பெருக்கினால் அந்த எண் வரும். ஒவ்வொரு பகா எண்ணும் எத்தனை முறை வருகிறதோ அதனுடன் ஒன்றைக் கூட்டிப் பெருக்குங்கள்: 7×5×3×3×2×2×2×2×2. காரணிகள் 10,080.

ஆனால் அந்தப் பட்டியலில் ஓர் எண் விடுபட்டிருக்கிறது: 2,93,31,86,25,600. இதற்கு 5,040 காரணிகள். இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை இல்லை. இன்னொன்றும் கவனியுங்கள். பட்டியலின் கடைசி எண்ணை 23ஆல் வகுத்தால் கிடைப்பது இதே எண்தான்.

மேதையின் பட்டியலில் ஓர் ஓட்டை என்று சொல்வதே நம்மில் பலருக்கு அபசாரமாகப் படும். எனக்கோ அந்த ஓட்டையின் வழியாகத்தான் அவர் தெரிகிறார். கணினி இல்லாத காலத்தில், எண் எண்ணாகத் தேடிச் சென்ற ஒரு மனிதர். நாமகிரித் தாயாரின் அருளையும் 1729 என்ற டாக்ஸி எண்ணையும் மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தால் இந்த உழைப்பு மறைந்துபோகிறது. பாரதியின் கவிதைகளைப் படிக்காமல் திருவல்லிக்கேணி யானைக் கதையை மட்டும் சொல்பவர்களைக் கண்டு சிற்றிதழ் வாசகர்களாகிய நாம் கொதிக்கிறோம். ராமானுஜனுக்கு நாம் செய்வதும் அதுதானே? கவிஞனைப் பிரதியில் வாசிக்க வேண்டுமெனில், கணிதனைக் கணக்கில்தான் வாசிக்க வேண்டும். அவரது ஆழமான தேற்றங்கள் என்னைப் போன்றோருக்கு எட்டாமலிருக்கலாம். 23ஆல் வகுப்பது எட்டாததல்ல.

டிசம்பர் 22, தேசியக் கணித தினம். அன்று எங்கள் விருதுநகர் மாவட்டப் பள்ளிகளில் படத்துக்கு மாலை போடட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. கூடவே அந்தப் பதின்மூன்று இலக்க எண்ணைக் கரும்பலகையில் எழுதி, பிள்ளைகளை வகுத்துப் பார்க்கச் சொல்லலாம். பண்டல் கட்டும் வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு மிச்சமில்லாமல் வகுபடுவதன் அருமை நம்மைவிட நன்றாகவே தெரியும்.