ஆடு ஜெயிக்குமா, புலி ஜெயிக்குமா?

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் மழை பிடித்துக்கொண்டால் பிள்ளைகள் வீட்டுக்குள்தான். அந்த வேளையில் குடும்பத்தோடு ஆடுபுலி ஆட்டம் ஆடிப் பாருங்களேன்!

முக்கோணமும் குறுக்குக் கோடுகளுமாகத் தரையில் வரையுங்கள்; 23 புள்ளிகள் வரும். புலிக்கு 3 கூழாங்கல், ஆட்டுக்கு 15 புளியங்கொட்டை. ஆட்டுக்கு அப்பால் காலிப் புள்ளி இருந்தால் புலி தாண்டி வெட்டிவிடும். 15 ஆடுகளையும் வைத்து முடிக்கும்வரை எந்த ஆட்டையும் நகர்த்தக் கூடாது. புலிகளை அசையவிடாமல் மடக்கினால் ஆடுகளுக்கு வெற்றி.

முதலில் ஆடுகளே தோற்கும், பிள்ளை சிணுங்கும். அதற்காக வேண்டுமென்றே தோற்றுக் கொடுக்காதீர்கள். "இந்த ஆட்டுக்குப் பின்னால் யார் துணை?" என்று மட்டும் கேளுங்கள். தனித்து நிற்கும் ஆடுதான் வெட்டுப்படும் என்பதைப் பிள்ளை தானே கண்டுபிடிக்கட்டும். அந்தப் பாடம் ஆயுளுக்கும் மறக்காது!