பட்டிக்கு அடியில்

அப்பாவின் 1986ஆம் ஆண்டு அம்பாசடரை மூன்றாம் முறையாக வண்ணம் பூசக் கொண்டுபோயிருந்தேன். டிங்கர் ஒரு சிறு காந்தத்தைத் துணியில் சுற்றி, கதவுகளுக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் பெட்டித் தகட்டின் மேல் வைத்தார். ஒட்டாமல் விழுந்தது. திருப்புளியால் மெல்லத் தட்டினார். முனை உள்ளே போய்விட்டது. வெளியே வந்தவை பட்டித் தூளும், அதற்குப் பின்னால் சுருட்டி அடைக்கப்பட்டிருந்த செய்தித்தாளும்.

முன்பு வண்ணம் பூசியவரின் கைவண்ணம் அது. அவரைத் திட்டத் தயாராகவே இருந்தேன். ஆனால் தங்கையின் திருமணத்துக்குள், பத்தே நாளில், வண்டி பளபளக்க வேண்டும் என்று கேட்டவர்கள் நாங்கள். தகர வேலைக்கான கூலியைப் பேரம் பேசிக் குறைத்தவர்களும் நாங்களே. கேட்டதை அவர் கொடுத்தார். பழைய வண்டிகளைப் புதுப்பிப்பதில் நம்மிடமுள்ள கோளாறு இங்குதான் தொடங்குகிறது என்பது என் கருத்து. வண்ணத்துக்குப் பணம் தருகிறோம், வண்ணம் உட்காரும் இடத்துக்குத் தருவதில்லை.

அழகு மட்டுமே சம்பந்தப்பட்டதாக இருந்தால் இவ்வளவு எழுதத் தேவையில்லை. அம்பாசடர், பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசை வண்டியிலிருந்து பிறந்தது. லாரியைப் போலத் தனிச் சட்டத்தின் மீது கூண்டைத் தூக்கி வைத்த அமைப்பல்ல; கூண்டேதான் எலும்பும். அந்தப் பெட்டித் தகடு வண்டியின் பாரத்தைத் தாங்கும் உறுப்பு. அங்கே செய்தித்தாளை அடைப்பது, விட்டத்தைக் கரையான் அரித்த வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பதற்குச் சமம். உத்தர்பாராவில் உற்பத்தி 2014இல் நின்றுபோனது. எஞ்சியவை எஞ்சியவைதான்.

துரு வெளியிலிருந்து வருவதாக எண்ணுகிறோம். பெரும்பாலும் அது உள்ளிருந்து வருகிறது. கதவின் அடியில் நீர் வடிவதற்கென்று விட்ட சிறு துளைகள் மண்ணால் அடைபடும். மழைநீர் உள்ளே தங்கும். எங்கள் வீடு திருவான்மியூரில். மீதியைக் கடற்காற்றின் உப்பு பார்த்துக்கொள்ளும். தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் பிடிப்பது துரு. ஆகவே வண்ணத்தில் ஒரு கொப்புளம் தெரியும் நாளில் உள்ளே கதை பெரும்பாலும் முடிந்திருக்கும். அதைத் தேய்த்து மேலே பட்டி போட்டால், சில மழைக்காலங்களுக்குள் அதே இடத்தில் மீண்டும் எழும். பட்டி ஈரத்தை உறிஞ்சும் பொருள்.

இம்முறை டிங்கர், நல்ல இரும்பு கண்ணில் படும்வரை வெட்டினார். நான் எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்கு போயிற்று. புதுத் தகட்டை மடித்து, மிக் வெல்டிங்கில் இடம் மாற்றி மாற்றிப் புள்ளிகளாகப் பற்றவைத்தார். ஒரே கோடாக ஓட்டினால் சூட்டில் தகடு நெளிந்துவிடும். வெட்டத் தேவையில்லாத மூலைகளில் மேலோட்டமாக இருந்த துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துருவை மாற்றும் திரவத்தைத் தடவினார். சிறிது நேரத்தில் செம்மை கறுத்தது. இத்தகைய திரவங்கள் பலவற்றில் இருப்பது டானிக் அமிலம். அது இரும்போடு சேர்ந்து கருநிறச் சேர்மமாகிறது. கடுக்காயும் அன்னபேதியும் கலந்து நம் முன்னோர் மை செய்ததும், கலம்காரித் துணியில் கறுப்பு ஏறுவதும் இதே வேதியியல்தான். (அவரிடம் இதைச் சொன்னேன். "அப்ப கடுக்காய்லயே பண்ணிடலாமா சார்?" என்றார். கேலியா என்று முகத்தில் தெரியவில்லை.)

சுத்தமான இரும்பைக் கடற்கரை ஊரில் ஓரிரவு வெறுமனே விட்டாலே செம்படலம் பூத்துவிடும். அன்று மாலையே எபாக்ஸி பிரைமர் அடித்தார். அதற்கு மேல்தான் பட்டி வந்தது, மிக மெல்லியதாக. பட்டியை நான் பழிக்கவில்லை. சுத்தியும் டாலியும் சமன்செய்ய முடியாத சிறு பள்ளத்துக்கு அது நேர்மையான பொருள், ஓட்டையை மூடுவதற்கானதல்ல. தண்ணீர் ஊற்றித் தேய்க்கும் பட்டறை வழக்கத்தைப் பட்டிக்கு மட்டும் விலக்கும்படி கேட்டுக்கொண்டேன். முணுமுணுத்தார், பட்டறையெங்கும் தூசி பறந்தது, ஆனாலும் உலர்தாளாலேயே தேய்த்தார். கறுப்பு வண்ணத்தை லேசாகத் தூவித் தேய்க்கையில், கறுப்பு அழியாமல் நிற்கும் இடமெல்லாம் பள்ளம். அவருடைய உள்ளங்கை அதற்கு முன்பே அவற்றைக் கண்டுபிடித்திருந்தது.

வண்டியை ஒருமுறை சுற்றிவந்து சொல்லப்படும் செலவுக் கணக்கை நான் இனி ஏற்கப்போவதில்லை. பழைய வண்ணத்தை உரித்த பிறகே தொகை பேச வேண்டும். பிரைமருக்கு முன் உரிமையாளர் ஒருமுறை வெற்றுத் தகட்டை நேரில் பார்க்க வேண்டும். இதில் பட்டறைக்காரரைச் சந்தேகிப்பது ஏதுமில்லை. நன்றாகச் செய்த தகர வேலை, மோசமானதைப் போலவே, வண்ணத்துக்கு அடியில் மறைந்துவிடுகிறது. ஒருவரும் பார்க்காத வேலைக்கு அவர் எதைக் காட்டிக் கூலி கேட்பார்?

பற்றவைப்பின் சூட்டில் உட்புறப் பூச்சு கருகியிருக்கும் என்பதால், பெட்டிக்குள் மெழுகுக் கலவை செலுத்தும் வேலை இன்னும் பாக்கி. வடிதுளைகளைத் திறந்தே வைத்திருக்கிறார். அப்பா நாள்தோறும் விசாரிப்பது வண்ணத்தைப் பற்றித்தான். பழைய வெள்ளையே போதும் என்கிறார்.