சூரியன் கூலி கேட்பதில்லை

நோர்பரியில் பொங்கல் விழா தை முதலாம் திகதி வருவதில்லை. மண்டபம் கிடைக்கும் சனிக்கிழமையில்தான் வரும். அதில் எனக்கு மனக்குறை இல்லை. மேடையில் பேசப்படுவதுதான் என் பிரச்சினை.

ஒருவர் பொங்கல் ஆரியக் கலப்பற்ற தனித்தமிழ் விழா என்கிறார். அடுத்தவர் அது மகர சங்கராந்தி, இந்துக்களின் விழா என்கிறார். தமிழகத்தில் 2008இல் தை முதல் நாளைப் புத்தாண்டாக்கிச் சட்டம் வந்ததையும் 2011இல் அது நீக்கப்பட்டதையும் வைத்து இங்கே இன்னும் சண்டை நடக்கிறது.

நாளைப் பொறுத்தவரை தனித்தமிழ்க்காரர் சொல்வது பிழை. சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22இல். நமது பஞ்சாங்கம் நட்சத்திரங்களை வைத்து ஆண்டைக் கணக்கிடுவதால், ஏறத்தாழ 72 ஆண்டுகளுக்கு ஒரு நாள் வீதம் விலகி, தை முதல் நாள் இன்று ஜனவரி நடுவில் நிற்கிறது. அந்த நாட்களை ஒட்டித்தான் அசாமியரும் மாக் பிஹு கொண்டாடுகிறார்கள். ஆனால் புதுப்பானையும் மாட்டுப்பொங்கலும் பஞ்சாங்கத்திலிருந்து வந்தவையல்ல. அவை வயலிலிருந்து வந்தவை. ஆகவே மற்றவர் சொல்வதும் அரைகுறை.

வயல் என்று வந்தபின் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: நெல்லை வெட்டியது யார்?

இரண்டு பேச்சாளர்களும் இதைத் தொடுவதில்லை. யாழ்ப்பாணத்தில் தைப்பூசத்தை ஒட்டிப் புதிர் எடுப்பார்கள். புதுநெல் கோயிலுக்குள் போகும். வெட்டிய கை வெளியே நிற்கும். அந்தக் கதவு திறக்க 1968இல் மாவிட்டபுரத்தில் அடிவாங்க வேண்டியிருந்தது.

என் அம்மம்மா அரிவு வெட்டக் கூலிக்குப் போனவர். பொங்கலன்று வயற்காரர் வீட்டுப் பின்படலையில் எங்கள் பாத்திரத்துடன் காத்திருப்போம். முதலில் சூரியனுக்குப் படைத்தார்கள். அடுத்த நாள் மாட்டுக்கு மாலை போட்டார்கள். எங்களுக்கு மிஞ்சியது வந்தது. அதைப் 'பண்பாடு' என்று இங்கே விற்கிறார்கள்.

போன தையில் மண்டபத்துக்குப் போன பொங்கலை முதல்நாள் இரவு எங்கள் உணவகக் குசினியில் நாங்கள் இரண்டுபேர் கிண்டினோம். மேடையில் சூரியனுக்கும் மழைக்கும் மாட்டுக்கும் பிரதம விருந்தினருக்கும் நன்றி சொன்னார்கள். உழைப்பின் திருநாள் என்றும் சொன்னார்கள். நாங்கள் பின்கதவால் தட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தோம்.

சூரியனுக்கு நன்றி சொல்வது சுகமானது. சூரியன் கூலி கேட்பதில்லை, காணி கேட்பதில்லை, கோயிலுக்குள் வரக் கேட்பதுமில்லை.

பொங்கல் தமிழருடையது என்று சொல்லுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. எந்தத் தமிழருடையது என்பதையும் அதே மேடையில் சொல்லுங்கள்.