ஒலியின் நிறைவும் சொல்லின் தெளிவும்

பாட்டொன்று செவிக்கு நிறைவாக இருத்தல் வேண்டும். அதன் சொல்லும் இனிது விளங்குதல் வேண்டும். இவ்விரண்டும் ஒருங்கே அமைதல் அரிது என்பார் பலர். ராக் இசையில் ஈடுபட்ட இளைஞருட் சிலர், ‘ஆற்றலே ராக்கின் உயிர், சொல் விளங்காவிடினும் குறையில்லை’ என்பர். தமிழ்ப் பாட்டிற்கு அக்கொள்கை பொருந்தாது என்பது எமது துணிபு.

ராக் பாட்டில் குரலும் கிதாரும் பேஸ் கிதாரும் டிரம்ஸும் தனித்தனியே பதிவு செய்யப்பெற்றுப் பின்னர் ஒன்றாகக் கலக்கப்படுகின்றன. பேஸ் கிதாரின் தடித்த கம்பி வினாடிக்கு ஏறக்குறைய 41 முறை அதிர்வது. கிதாரின் தடித்த கம்பி 82 முறை அதிர்வது. 200 முதல் 400 அதிர்வு வரையுள்ள இடத்தில் ஏறக்குறைய எல்லாக் கருவிகளும் குரலும் வந்து கூடும். அங்கே நெரிசல் மிகின் ஓசை சேறுபடும். 2000 முதல் 5000 வரை நம் செவி மிகக் கூர்மையுடையது. மெய்யெழுத்துக்களை வேறுபடுத்தும் நுண்ணொலிகளிற் பல அவ்விடத்தன. கிதாரின் முரட்டொலியும் அங்கேயே நிரம்புகின்றது. வலிய ஒலி தன்னை அடுத்த மெலிய ஒலியை மறைத்தல் இயற்கை.

இனி, நம் மொழியின் இயல்பை நோக்குவோம். நெடிலுக்கு இரண்டும், குறிலுக்கு ஒன்றும், மெய்க்கு அரையும் மாத்திரை என்றார் தொல்காப்பியர். உயிரெழுத்து நீண்டொலித்துக் குரலுக்கு நிறைவு தரும். சொல்லைச் சொல்லினின்று பிரித்துக் காட்டும் மெய்யோ அரை மாத்திரையில் ஒலித்து மறையும். அது கிதாரொலியில் மூழ்குமாயின், கலையும் களையும் கழையும் கேட்போர்க்கு ஒன்றேயாம்.

அங்ஙனமாயின் கருவிகளை அடக்கிவிடுதலே வழியோ எனின், அன்று. பின்னணி மெலியக் குரல் மட்டும் துருத்தி நிற்பின், அது செய்யுளை ஒப்பித்தல் போலாகும். பரமத்தி வேலூர் வெற்றிலைக் கொடிக்கால்களைக் கண்டோர் இதன் தீர்வை எளிதில் உணர்வர். கொடி பற்றி ஏறவும் நிழல் பெறவும் அகத்தியை வளர்ப்பர். தழை மிகுந்து வெளிச்சத்தை மறைக்குங்கால் அதனைக் கழித்துவிடுவர். கழித்ததனால் கொடிக்கால் வறிதாவதில்லை, கொடி தழைக்கின்றது. கலவையிலும் கழித்தலே நிறைவுக்கு வழி. கிதாரின் 80 அல்லது 100 அதிர்வுக்குக் கீழ்ப்பட்ட ஒலியை அறுத்து, அவ்விடத்தைப் பேஸுக்கும் டிரம்ஸுக்கும் விடலாம். இரு கிதார்களை இடமும் வலமுமாக நிறுத்திக் குரலை நடுவில் வைக்கலாம். குரல் எழும் வேளையில் மட்டும் கிதாரின் 3000 அளவிலான ஒலியைச் சிறிது தாழ்த்தலாம். இவற்றால் ஆற்றல் குன்றாது, இடமே பிறக்கும்.

இதன் இன்றியமையாமையை ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்னும் சென்னைக் குழுவினிடத்துக் காணலாம். இயக்குநர் பா. இரஞ்சித்தின் முயற்சியாலும் இசையமைப்பாளர் தென்மாவின் துணையாலும் உருவாகி, 2018 சனவரியில் 19 கலைஞருடன் மேடையேறிய குழு அது. கானாவும் ராப்பும் ராக்கும் அதில் ஒன்றாயின. பறையும் கிதாரும் டிரம்ஸும் உடன் ஒலித்தன. சாதிக் கொடுமையை எதிர்த்துப் பாட எழுந்தோரின் சொல், அவர்தம் கருவிகளின் முழக்கத்திலேயே அமிழுமாயின், கூடியதன் பயன் யாது? பறையின் அதிர்ச்சி குன்றினும் அப்பாட்டு தன் இயல்பை இழக்கும். அத்தகைய பாட்டில் ஒலி கலப்பவர் ஏற்கும் பொறுப்புச் சிறிதன்று.

‘ஆங்கில ராக் பாட்டுக்களைச் சொல் விளங்காமலே சுவைக்கின்றோமே’ என்பாரும் உளர். அயல்மொழிப் பாட்டில் நாம் விருந்தினர். கிடைத்ததைக் கொண்டு மகிழ்கின்றோம். நம் மொழியில் நாமே பாட்டியற்றி, நம் அண்டை வீட்டாருக்கும் அது விளங்காதவாறு செய்தல் விருந்துக்கு அழைத்து வாயிலை அடைத்தல் போலும்.

இன்று மாணவர் பலர் தம் அறையிலேயே கணினி கொண்டு பாட்டமைக்கின்றனர். கேட்போரிற் பலர் சிறு செல்பேசியின் வழியே கேட்கின்றனர். அதன் சிறு ஒலிபெருக்கியில் பேஸின் ஆழ்ந்த ஒலி எழுவதில்லை. ஆதலின், கலவை முடிந்தபின் அதனைக் குறைந்த ஒலியில் செல்பேசியில் இசைத்து, பாட்டை முன்னர்க் கேளாத நண்பர் ஒருவரிடம் சொற்களை எழுதித் தருமாறு வேண்டுக. அவர் பிழையின்றி எழுதுவாராயின், பின்னர்ப் பெரிய ஒலிபெருக்கியில் நிறைவை ஆராய்க. எழுதாராயின், குரலை உயர்த்துமுன் எதனைக் கழிக்கலாம் என்று எண்ணுக.